மாடு செத்த கோடைக்கு முன்னால்

பிப்ரவரி பிறந்தால் தோர்ன்மியர் ஏரியில் நாணல் அறுப்பு தொடங்கிவிடும். உறைபனியில் இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு மட்டும் வெளுத்து நிற்கிற சமயம் அது. ஆண்கள் தொடை வரைக்கும் தோலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். பெண்கள் கரையில் நின்று வாங்கி, உதறி, கட்டுக் கட்டி நிறுத்துவார்கள். நடுவே யாராவது பாட்டெடுப்பார்கள். குளிரில் அதுவும் பாதியில் நின்றுபோகும்.

அந்த வருஷம் அறுப்பே பாதியில் நின்றது. பதினொரு ஆண்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, அவெலினாவின் களத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கும் முன்னால் ஒரு குழந்தை பிறந்த நாளை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குழந்தை அவெலினாவின் மகன் வாரின். ஏரிக்கு நடுவே கல்லாய் நிற்கிற கோட்டைக்கு ஆறு தலைமுறையாக அந்தக் குடும்பம்தான் சொந்தம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் சர் கில்பர்ட் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது வாரினுக்கு வயது வரவில்லை. வயது வராத வாரிசின் நிலமும் கோட்டையும், இருபத்தொன்று நிறையும்வரை அரசர் கைக்குப் போகும். அரசர் அதை சர் ரெய்னர் என்கிற காப்பாளரிடம் கொடுத்தார். பையனையும் சேர்த்துத்தான். விதவையின் பங்காக அவெலினாவுக்கு ஏரியின் இக்கரையில் ஒரு பண்ணைவீடு கிடைத்தது. அதன் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கோட்டை தெரியும். எட்டு வருஷமாக அவள் அந்த ஜன்னல் வழியாகத்தான் தன் வீட்டைப் பார்த்துவந்தாள். மகனைப் பார்த்தது நான்கே முறை.

ரெய்னர் முதலில் மேட்டுக்காட்டு ஓக் மரங்களை வெட்டினார். பிறகு கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தின் கூரையிலிருந்து ஈயத்தகட்டை உரித்து வண்டியேற்றினார். அந்தக் கூரை வழியாக இரண்டு மழைக்காலம் உள்ளே இறங்கியது. வாரின் பிறந்த தேதியை எழுதி வைத்திருந்த பூசைப்புத்தகம் நனைந்து, ஏடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, டிசம்பரில் வருகிற லூசியா திருநாள் என்பது மட்டும் மிஞ்சியது. எந்த வருஷத்து லூசியா திருநாள் என்பது போய்விட்டது.

பையனுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது என்றாள் தாய். இருபதுதான் ஆகிறது, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்றார் ரெய்னர். அந்த ஒரு வருஷத்தில் பெரிய மண்டபத்தின் கூரையும் போய்விடும். தகடு உரிக்கிறவர்கள் ஏணியோடு வந்து இறங்கியாகிவிட்டது. கூரை போனால் சுவர் எத்தனை மழைக்குத் தாங்கும்?

இதற்கென்று வழக்கம் ஒன்று உண்டு. அரசரின் அதிகாரி கோயிலுக்கு வருவார். அக்கம்பக்கத்து ஆண்கள் பன்னிரண்டு பேர் வேதபுத்தகத்தின் மேல் கைவைத்து, வாரிசு பிறந்தது எப்போது என்று சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் போதாது. அது எப்படி உனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று என் வீடு எரிந்தது, அன்று எனக்குக் கல்யாணம், இப்படி ஏதாவது. தாயின் சொல் கணக்கில் வராது. அவள் சொத்துக்கு உரியவனின் தாய்.

எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. ஊரில் பாதி மாடுகளைக் கொள்ளைநோய் கொண்டுபோன கோடை ஒன்று இருந்தது. எல்லாரும் அதை மாடு செத்த கோடை என்பார்கள். அது நடந்து இருபது வருஷம் ஆகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாரின் பிறந்தது அதற்கு முந்தின டிசம்பரா, பிந்தின டிசம்பரா?

"முந்திதான்," என்றான் குழிவெட்டி வில்கின். "எனக்குக் கால் ஒடிஞ்சது அந்த வருஷம். நல்லா ஞாபகம் இருக்கு."

"உனக்குக் கால் மூணு தடவை ஒடிஞ்சிருக்கே மாமா," என்றான் கொல்லன் ஆஸ்பர்ன். "எந்த ஒடிசல்?"

"ஏணியிலேர்ந்து விழுந்தது."

"அது நான் கல்யாணம் பண்ணின வருஷமாச்சே. என் கல்யாணத்துல நீ ஒத்தக் கால்ல ஆடின."

"ஆடினேனா?"

"ஆடி விழுந்து அடுத்த காலையும் ஒடிச்சுக்கிட்ட."

கொட்டகை சிரித்தது. காரியஸ்தர் தர்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் பன்னிரண்டு பெயரும் எழுதிய தோலேட்டுப் பட்டியலின் நகல் இருந்தது.

"சிரிக்கிறதெல்லாம் வீட்டுல போய்ச் சிரிங்கப்பா. அங்க ரெய்னரோட வக்கீல் ஒக்காந்திருப்பான். எந்தக் கால்னு அவனும் கேப்பான்."

அவெலினாவின் வேலைக்காரி எம்மோட் பட்டாணிக் கூழும் கறுப்பு ரொட்டியும் கொண்டுவந்து இறக்கினாள். அவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள், நாக்கு நீளம்.

"பதினோரு ஆம்பளைங்க கூடி ஒரு பிரசவத்தை ஞாபகப்படுத்துறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள். "பேறு பாத்தவ யாருன்னாவது ஒருத்தருக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்," என்றான் வில்கின், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "டவுன்லேர்ந்து யாரோ வர்றதா இருந்துச்சு. நீ கூழை ஊத்து."

கதவோரம் நின்றிருந்த அவெலினாவுக்கு அந்தப் பேச்சு அத்தோடு முடிந்ததில் ஒரு நிம்மதி வந்தது. ஏன் வந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"பன்னண்டாவது ஆள் எங்க?" என்று தர்ஸ்டனிடம் கேட்டாள்.

"ஹாமோ. விலாங்கு பிடிக்கிறவன். ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டேன், வரல." தர்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார். "அவன்தாம்மா நமக்கு வேணும். இவனுங்க எல்லாம் நேத்து என்ன சாப்பிட்டோம்னே மறந்துடுவானுங்க. ஹாமோவுக்கு வருஷம் தப்பாது. எதைக் கேட்டாலும் யோசிக்காம சொல்லுவான், அது இத்தனாவது வருஷம்னு. எப்படின்னு தெரியல."

மறுநாள் காலையில் அவெலினா மரச்செருப்பு மாட்டிக்கொண்டு, ஏரிக்கரை வழியாகத் தனியாக நடந்தாள். கூடவே கிளம்பிய எம்மோட்டை வேண்டாம் என்றாள்.

ஹாமோவின் குடிசை ஏரியின் வடக்கு மூலையில் இருந்தது. வாசலில் புகைக்குடில், அதற்குள் விலாங்குகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. அவன் ஒரு கட்டைமேல் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும். கையைச் சாம்பலில் தோய்த்துக்கொண்டு, விலாங்கின் கழுத்தைச் சுற்றி ஒரு கீறல் போட்டு, பல்லைக் கடித்து ஒரே இழுப்பாக இழுப்பான். தோல் காலுறை மாதிரி முழுசாகக் கழன்று வரும்.

அவளைப் பார்த்ததும் எழுந்தான். கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டான்.

"ஒக்காருங்கம்மா. நாத்தம் அடிக்கும்."

"பரவாயில்ல. கொட்டகைக்கு வரலியே நீ."

"வேலை கெடந்துச்சு."

"எல்லாருக்கும்தான் வேலை கெடக்கு."

அவன் அடுத்த விலாங்கை எடுத்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் ஹாமோ. வாரின் பொறந்தது மாடு செத்த கோடைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி," என்றான் அவன், யோசிக்காமல். "முந்தின லூசியா திருநாள். புதன்கிழமை. மத்தியானத்துக்கு மேல பனி கொட்டிச்சு. கோட்டையில மணி அடிச்சப்போ வெளிச்சம் இருந்துச்சு."

அவெலினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அவள் சொன்னதை இன்னொருவர் வாயால் இத்தனை உறுதியாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. "இதைத்தான் கோயில்ல சொல்லணும். இவ்வளவுதான். இதை அப்படியே சொல்லிடு."

"சொல்ல மாட்டேம்மா."

"ஏன்?"

"எப்படித் தெரியும்னு கேப்பாங்கல்ல."

"கேப்பாங்கதான். எப்படித் தெரியும் உனக்கு?"

ஹாமோ கத்தியைக் கட்டைமேல் வைத்தான். சாம்பல் கையைத் தொடையில் துடைத்தான்.

"அன்னிக்கு என் வீட்டுக்காரி செத்தா."

ஏரியில் தூரத்தில் யாரோ நாணல் அறுக்கிற சத்தம் சர்சர் என்று கேட்டது.

"எனக்குத் தெரியாதே," என்றாள் அவெலினா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்மூரு மருத்துவச்சி குன்னில்டைப் படகுல ஏத்திக் கோட்டைக்குக் கொண்டாந்து வுட்டவன் நான்தான். திங்கட்கிழமை. டவுன் மருத்துவச்சி பனியில மாட்டிக்கிட்டா, வர முடியலன்னு ஆள் வந்து கூப்புட்டாங்க. என் வீட்டுக்காரிக்கும் மாசம்தான். இருந்தாலும் பத்து நாளாவது ஆகும்னு குன்னில்டே சொன்னா. சரின்னு கொண்டாந்து வுட்டேன்." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "புதன்கெழமை காலையில இவளுக்கு வலி வந்துருச்சு. நான் படகை எடுத்துக்கிட்டு உங்க நீர்வாசலுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன். அப்புறம் மணி அடிச்சாங்க. புள்ள பொறந்துருச்சுன்னு உள்ள ஒரே சத்தம். எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இனிமே அவளை வுட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

அது அவெலினாவுக்கு மறந்தே போயிருந்தது என்று சொல்ல முடியாது. வேண்டாத சாமானை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்தி வைத்திருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்த வாரத்திலேயே இறந்துவிட்டிருந்தன. இவன் நீலம் பாரித்துப் பிறந்தான், பால் குடிக்கவில்லை. குன்னில்ட் சொன்னாள், ஏரிக்கரையில் இன்னொருத்தி இருக்கிறாள், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. அவெலினா குன்னில்டின் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாசலைத் திறக்கக்கூடாது என்று கத்தினாள். பத்தொன்பது வயது அவளுக்கு. கீழே யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. யார் என்று கேட்டாள். விலாங்குக்காரன் ஒருத்தன் என்றார்கள். மூன்று நாள் கழித்து, பையன் பால் குடித்த பிறகுதான், பாவாடையை விட்டாள்.

"குழந்தை?" என்றாள்.

"பொண்ணு. கொஞ்ச நேரம் மூச்சு இருந்துச்சு." ஹாமோ ஏரியைப் பார்த்தான். "சாமியார் இல்லாட்டி யாரு வேணாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல. அந்த நேரத்துக்குத் தோணல. சுத்திலும் தண்ணி, பாருங்க. பொழப்பே தண்ணியில. எனக்குத் தோணல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையை உயர்த்தினான்.

"அதை நான் சொல்ல வரலம்மா. நான் ஏன் வரமாட்டேங்கிறேன்னு சொல்றேன். தண்ணி ஊத்தாத புள்ளைக்குக் கோயில் மண்ணுல எடம் இல்லன்னு அப்ப இருந்த சாமியார் சொல்லிட்டாரு. வெளியில, வேலிக்கு அந்தாண்டை போடச் சொன்னாரு. நான் போடல. கோயிலோட வடக்குச் சுவத்துக்கு அடியில, கூரைத் தண்ணி சொட்டுற எடத்துல வெச்சிருக்கேன். கோயில் கூரையில பட்டு வர்ற தண்ணி. மழை பேயுறப்பல்லாம் அது மேல விழுது. நான் ஊத்தாததை அது ஊத்தட்டும்னு."

"யாருக்கும் தெரியாதா?"

"இப்ப உங்களுக்குத் தெரியும். வேதபுத்தகத்து மேல கைய வெச்சா நான் பொய் சொல்ல மாட்டேன். பொண்டாட்டி எப்படிச் செத்தா, புள்ள என்னாச்சு, எங்க வெச்சன்னு கேட்டா சொல்லித்தான் ஆகணும். இப்ப வந்திருக்கிற புதுச் சாமியார் போன வருஷம் ஏரியில வுழுந்த யாவாரியத் தோண்டி எடுத்து நாலுமுனை ரோட்டுல போட்டாருல்ல? வேணும்னே வுழுந்து செத்தவனுக்குக் கோயில் மண்ணு இல்லன்னு. என் பொண்ணையும் எடுப்பாரு." அவன் மறுபடி கத்தியை எடுத்தான். "உங்க மகன் கோட்டைக்கு வரட்டும்மா. வர வேணாம்னு நான் சொல்லல. அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அவெலினா வீட்டுக்குத் திரும்பியதும் தர்ஸ்டனைக் கூப்பிட்டு, ஹாமோவின் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

"எப்படிம்மா எடுக்குறது? பட்டியல் ஷெரீப்கிட்டப் போயி எட்டு நாளாச்சு. அழைப்பு வந்துருச்சு. வரலேன்னா ஆளைக் கட்டி இழுத்துட்டுப் போவாங்க. பன்னண்டுல ஒண்ணு குறைஞ்சா விசாரணையே நடக்காது." தர்ஸ்டன் அவள் முகத்தைப் பார்த்தார். "மாட்டேன்னுட்டானா?"

"நான்தான் வேணாம்னேன்."

"பட்டியலை அனுப்பச் சொன்னதே நீங்கதானேம்மா."

அன்று அவள் கூழைத் தொடவில்லை. எம்மோட் இரண்டு தடவை சுடவைத்துக் கொடுத்துப் பார்த்தாள். "பையன் வரப்போற நேரத்துல இப்படி மொகத்தைத் தூக்கி வெச்சிட்டிருந்தா என்ன அர்த்தம்?" என்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

விசாரணை சனிக்கிழமை காலையில் தொடங்கியது. மழை வரும்போல் இருந்தது. கோயிலுக்குள் ஊரே வந்து நின்றது. ஈரக் கம்பளியும் ஆட்டு வாடையும் மெழுகுப் புகையுமாய் மூச்சு முட்டியது. அரசரின் அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுத்தரிடம் பேசினார். ஒரு பக்கம் சர் ரெய்னரும் அவருடைய வக்கீலும். அவர்களுக்குப் பின்னால், ரெய்னர் வீட்டு நிறத்தில் உடுத்திக்கொண்டு, உயரமாய் ஒரு வாலிபன். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிற விதம் கில்பர்ட்டை உரித்து வைத்திருந்தது. தாயைப் பார்த்துத் தலை தாழ்த்தினான். பக்கத்தில் வர அவனுக்கு அனுமதி இல்லை.

சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொட்டகையில் சுலபமாக வந்த பேச்சு இங்கே யாருக்கும் வரவில்லை. வில்கினிடம் எந்தக் கால் என்று வக்கீல் நிஜமாகவே கேட்டான். வில்கின் குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கொல்லன் ஆஸ்பர்ன் கல்யாணத்தைச் சொன்னான். கல்யாணம் எந்தப் பண்டிகைக்கு என்று கேட்டதும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இப்படியே பதினொன்று.

"மனப்பாடம் பண்ணிக்கூட வரத் தெரியல," என்றான் வக்கீல், அதிகாரியைப் பார்த்து.

ஹாமோ பன்னிரண்டாவது. தலையில் தண்ணீர் தடவி வாரியிருந்தான். வேதபுத்தகத்தின் மேல் கையை வைத்தான். முந்தின லூசியா திருநாள், புதன்கிழமை, பனி கொட்டியது என்று அதே வார்த்தைகளைச் சொன்னான். கோயில் கொஞ்சம் நிமிர்ந்தது. அதிகாரி மூக்குத் துணியை இறக்கினார்.

"எப்படி ஞாபகம்?"

"அன்னிக்கு என் பொண்டாட்டி செத்தா."

"எதனால?"

"பிரசவத்துல."

வக்கீல் முன்னால் வந்தான். "ரெண்டு பிரசவமும் ஒரே நாள். சௌகரியமா இருக்கே. அந்தக் கொழந்தை?"

"செத்துருச்சு."

"எழுதி வெச்ச குறிப்பு எதுவும் கிடையாது. யாரும் பாத்ததாவும் சொல்லல. எங்க பொதச்சே? எந்த எடம்? காட்டு, நாங்களும் பாக்குறோம்."

பீடத்துப் படியில் உட்கார்ந்திருந்த சாமியார் தலையைத் தூக்கினார்.

ஹாமோவின் கை புத்தகத்தின் மேல் இருந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்து நிற்பது அவெலினாவுக்குத் தெரிந்தது. அவன் பொய் சொல்ல மாட்டான். இன்னும் இரண்டு மூச்சில் உண்மையைச் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் சாட்சி நிற்கும், கோட்டை வரும். அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அவன் பொண்டாட்டி செத்தது என்னால," என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் தூண் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அம்மா, நீங்க சாட்சி கிடையாது," என்றார் அதிகாரி.

"தெரியும் ஐயா. எழுதிக்க வேணாம். கேட்டுக்கங்க. நான் பெத்த அன்னிக்கு எனக்குப் பேறு பாத்தது குன்னில்டு. இந்த ஊர் மருத்துவச்சி. இவர்தான் படகுல கொண்டாந்து விட்டார். இவர் வீட்டுல வலி கண்டதும் அவளைக் கூப்பிட வந்தார். நான் விடல. புள்ள பொறந்த அப்புறமும் விடல. வாசலைச் சாத்தச் சொன்னது நான். இவர் வாசல்ல நின்னு கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் அவளைப் போகவிட்டேன். அதுக்குள்ள இவர் வீட்டுல எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்த நாளை அவர் எப்படி மறப்பார்னு அவர்கிட்டக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க."

ரெய்னரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. அவெலினா மகன் பக்கம் பார்க்கவில்லை.

சாட்சிகள் வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. வில்கின்.

"குன்னில்டா?" என்றான், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "குன்னில்டு மாடு செத்த கோடையிலயில்ல செத்தா?"

"என்னப்பா சொல்றே?" என்றார் அதிகாரி.

"குழி வெட்டினது நான்தானுங்க. அன்னிக்குக் காலையில ரெண்டு காளை மாட்டுக்கு வெட்டி முடிச்சு அப்பத்தான் ஒக்காந்தேன். குன்னில்டு போயிட்டா, வாங்கன்னு ஆள் வந்துச்சு. மாட்டுக்கு வெட்டின மண்வெட்டிய மனுசிக்கு எடுத்துட்டுப் போவியான்னு என் சம்சாரம் திட்டினா. ஏரிக்குப் போய்க் கழுவிட்டு வந்தேன்."

"ஆமா," என்றான் ஆஸ்பர்ன். "பொணம் எடுக்க மாடு இல்ல. நாங்க ஆறு பேரு தோள்ல தூக்கினோம். நான் தூக்கினேன். எங்கப்பா கண்ணுல தண்ணி வெச்சாரு. அவரையும் அவதான் கையில வாங்கினவ."

"அதுக்குப் பொறவு ரெண்டு வருஷம் ஊர்ல மருத்துவச்சியே கெடையாது," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "என் மூத்தவனுக்கு நானே கொடி அறுத்துக் கட்டினேன்."

அதிகாரி எழுத்தரின் தோளில் கைவைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"கோடையில செத்தவ அதுக்கு அப்புறம் வந்த டிசம்பர்ல பேறு பாத்திருக்க முடியாது. அப்போ முந்தின டிசம்பர்தான்."

"பெத்தவ சொல்றதை வெச்சா தீர்ப்பு?" என்றான் வக்கீல். "மகனுக்கு சொத்து வரணும்னா எதை வேணாலும் சொல்லுவாங்க."

"எதை வேணாலும் சொல்லலாம். இதைச் சொல்லுவாங்களா?" அதிகாரி தும்மினார், துடைத்துக்கொண்டார். "மத்தபடி குழி வெட்டினவன் இருக்கான், தூக்கினவன் இருக்கான், படகு விட்டவன் இருக்கான். எனக்கு அது போதும். எழுதுங்க. வயசு நிறைஞ்சது." பிறகுதான் ஹாமோவைக் கவனித்தார். "கையை எடுத்துக்கப்பா. முடிஞ்சுது."

ஹாமோ கையை எடுத்தான். புத்தகத்தின் தோலட்டையில் அவன் உள்ளங்கை ஈரம் பதிந்திருந்தது.

வெளியே வரும்போது ஒருவரும் அவெலினாவை வாழ்த்தவில்லை. ஆண்கள் வழி விட்டார்கள், தொப்பியைக் கழற்றினார்கள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் கிறிஸ்துமஸ் தோறும் துணி கொடுத்த பெண் ஒருத்தி, அவள் கடந்து போகையில் தன் பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சர் ரெய்னர் குதிரையேறுமுன், "கோட்டை மட்டும் கெடச்சுதும்மா உங்களுக்கு," என்றார். எம்மோட் எதுவும் சொல்லவில்லை. அவள் நாக்கு சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. போர்வையை எடுத்துத் தோளில் போட்டு, முடிச்சைக் கழுத்தடியில் சரியாக வைத்துக் கட்டினாள்.

அன்றைக்கே வாரின் கோட்டைக்குள் கால் வைத்தாக வேண்டும். வைத்தால்தான் கைக்கு வந்ததாக அர்த்தம். கோட்டைக்குப் போகிற கரைப் பாதையில் தண்ணீர் ஏறிக் கிடந்தது. மூன்று பேர் உட்காரக்கூடிய படகு ஹாமோவினுடையது ஒன்றுதான். தர்ஸ்டன் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டார். ஹாமோ சரி என்றான்.

தாயும் மகனும் பின்பலகையில் உட்கார்ந்தார்கள். துடுப்பு போடுகிறவன் அவர்களைப் பார்த்தபடி, கோட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது, பெரிய மழை இல்லை, ஏரியின் மேல் ஊசி போடுகிற மாதிரி. அறுத்தும் அறுக்காமலும் நின்ற நாணலுக்கு நடுவே படகு போயிற்று. வாரின் தாயின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவன் கை பெரியதாக இருந்தது. பழக்கமில்லாத கை.

கோட்டை பக்கத்தில் வந்தது. சிற்றாலயத்தின் வெறுங்கூரைச் சட்டங்கள் தெரிந்தன. பெரிய மண்டபத்தின் கூரை முழுசாக இருந்தது. சுவரோரம் சாத்தியிருந்த ஏணிகளை யாரோ இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா," என்றான் வாரின். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்; படகில் எவ்வளவு தாழ்த்த முடியும்? "இவரோட கொழந்தையை எங்க வெச்சிருக்காங்க? உங்களுக்குத் தெரியும்னு நெனக்கிறேன். எங்க பொதச்சேன்னு கேட்டப்போ நீங்க முன்னால வந்ததப் பாத்தேன். சாமியார்கிட்டச் சொல்லி அங்க ஒரு கல்லு வைக்கணும்னு இருக்கு. நான் மொதல்ல செய்யுற காரியம் அதுவா இருக்கட்டும்."

துடுப்பு தண்ணீருக்கு மேலே நின்றது. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏரியில் விழுந்தது. ஹாமோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்ல மனசோடு கேட்கிறான். கில்பர்ட்டும் இப்படித்தான் கேட்டிருப்பார். எட்டு வருஷம் கழித்து மகன் அவளிடம் கேட்கிற முதல் காரியம் இது.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் அவெலினா.

"கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம். யார்கிட்டயும் கேக்காதே. எப்பவும் கேக்காதே."

வாரின் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, சரிம்மா என்றான்.

ஹாமோ முகத்தில் வழிந்த மழையைத் தோளில் துடைத்துக்கொண்டு, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கினான்.